ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளு

1

எங்க ஊர் மணவூரில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் லோக்கல்தான் நிற்கும். அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. 1960 வரைக்கும் திருத்தணிப் பக்கம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் எங்கள் வீடுகளில் தமிழ்ப் பேச்சுக்கு நடுவே தெலுங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டிலும் அப்படித்தான், எது நம்முடையது எது அடுத்தவர் வீட்டுடையது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரை ஜமைக்கா, ஜெர்மனி, கல்கத்தா என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஆலங்காட்டில்தான் வந்து இறங்கப்போகிறது.

என் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். ஆடி மாதம் பூராவும் அவருக்கு வேலை இருக்கும். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் காலையில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. கூழ் ஊற்றி முடிந்து, வெயில் தாழ்ந்து, சீரியல் லைட் எரியத் தொடங்கியதும் பெரியப்பா பசங்க பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுப்பார்கள். போனி எம். அம்மன் கோயில் வாசலில் ‘ரஸ்புடின்’ ஓடும். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இப்போது நீங்கள் ரீல்ஸில் கேட்கிற அதே பாட்டுதான். 2021இல் மெஜஸ்டிக் என்பவர் ரீமிக்ஸ் செய்து மறுபடியும் ஓடவைத்தாரே, அதன் மூலம்.

கேசட் உறையில் நான்கு பேர். மூன்று பெண்கள், ஓர் ஆண். நாங்கள் பந்தயம் கட்டுவோம், மூன்று பெண்களில் எந்தக் குரல் யாருடையது என்று. எனக்குப் பிடித்த முகத்துக்கு எனக்குப் பிடித்த குரலைக் கொடுத்துவிட்டேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, நான் குரல் கொடுத்த அந்த மெய்ஸி வில்லியம்ஸ் என்பவர் அந்தப் பதிவுகளில் பாடவே இல்லை. பாபி ஃபேரல் என்ற அந்த ஆணும் பாடவில்லை.

ஏமாந்த கோபத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்பு போனி எம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் மெய்ஸி வில்லியம்ஸை ‘உதடு மட்டும் அசைத்த பொம்மை’ என்று எழுதியிருந்தேன். கெட்டிக்காரத்தனமான வரி என்று எனக்கே அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. கட்டுரையை என் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் 80களில் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பாடியவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்க குழுவுல நகரி பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு ஆட வரும். அவளுக்குக் கொரலு இல்ல, எனக்குக் காலு இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆளு. சம்பளமும் அப்படித்தான் குடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளு சம்பளம். நீ இன்னாத்துக்குடா அவளப் போயி பொம்மைன்ற?”

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் பலன். பழைய கட்டுரைக்கு மறுப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

போனி எம் கதையை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஃபிராங்க் ஃபேரியன் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளர் 1975இல் ஒரு டிஸ்கோ பாட்டு வெளியிட்டார். கட்டைக் குரல், கீச்சுக் குரல் இரண்டுமே அவருடையவைதான். குழு என்று ஒன்று அப்போது இல்லை. ஓர் ஆஸ்திரேலிய டிவி தொடரின் துப்பறிவாளர் பெயரிலிருந்து எடுத்த ‘போனி எம்’ என்ற பெயர் மட்டும் இருந்தது. பாட்டு ஓடத் தொடங்கியதும் டிவியில் வந்து ஆட ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படி முதலில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் மெய்ஸி வில்லியம்ஸ். மான்செராட் தீவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். பிறகு ஜமைக்காவில் பிறந்த மார்சியா பேரட் வந்தார். 1976 தொடக்கத்தில், ஒருவர் விலகிய இடத்துக்குக் கடைசியாக வந்தவர் லிஸ் மிட்செல். அவரும் ஜமைக்காக்காரர், லண்டனில் வளர்ந்தவர். அதற்கு முன் ஜெர்மனியில் ‘ஹேர்’ இசை நாடகத்திலும் லெஸ் ஹம்ஃப்ரீஸ் பாடகர் குழுவிலும் இருந்தவர்.

இந்த வரிசையை நான் பழைய கட்டுரையில் கவனிக்கவில்லை. ‘பாடாதவர்’ என்று நான் கேலி செய்தவர்தான் அந்தக் குழுவில் முதலில் இருந்தவர். பாடகி கடைசியில் வந்தார். குரல் இருந்த இடத்துக்கு உடலைக் கொண்டுவந்தார்கள், பிறகு அந்த உடல்களின் வரிசையில் ஒரு புதுக் குரலை நிறுத்தினார்கள்.

ஒலிப்பதிவில் கேட்கும் பெண் குரல்கள் லிஸ் மிட்செலும் மார்சியா பேரட்டும். ஆண் குரல் ஃபேரியன். மேடையில் கறுப்பு மேனியோடு பாபி ஃபேரல் துள்ளித் துள்ளி ஆடும்போது வாயிலிருந்து வந்தது ஒரு வெள்ளைக்காரரின் குரல். இது பெரிய ரகசியமாகவும் இல்லை. பாடுவது அந்த இரண்டு பெண்கள்தான் என்று ஃபேரியனே 70களின் கடைசியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ரசிகர்கள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு ஆடப் போய்விட்டார்கள்.

இப்போது குரல்களைக் கேட்போம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ கேளுங்கள். 1978இல் இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அந்த நாட்டில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் தட்டுகள் விற்றது. தொடக்கத்தில் வார்த்தையே இல்லாத ஒரு முனகல் வரும், தேவாலயப் பாடகர் குழு வாயை மூடிக்கொண்டு பாடுவதைப் போல. ஐம்பது பேர் நிற்பதாகத் தோன்றும். ஸ்டுடியோவில் ஒருசிலரின் குரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த கூட்டம் அது. லிஸ் மிட்செல் அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து வருவார். அவசரமே இல்லாத குரல். டிஸ்கோவின் தாளம் அவரை விரட்டிக்கொண்டே இருக்கும், அவரோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடந்து போகிறவரைப் போல வருவார். அந்த நடைக்கும் ஓட்டத்துக்கும் இடையே இருக்கிற இழுபறிதான் அந்தப் பாட்டு.

பாட்டின் மூலம் 137ஆம் சங்கீதம். அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ‘எங்களுக்காக ஒரு பாட்டு பாடு’ என்று கேட்கிறவர்களிடம் எப்படிப் பாடுவது என்று அழுகிற இடம். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் 1970இல் அதை ராஸ்தஃபாரி பாட்டாக ஆக்கினார்கள். ஃபேரியன் அதிலிருந்த ராஸ்தஃபாரிப் பெயர்களை எடுத்துவிட்டு, எல்லாரும் ஆடக்கூடிய பக்திப் பாட்டாக மாற்றினார். ஆக, ஜமைக்காவில் பிறந்த ஒரு பெண், தன் தீவின் பாட்டை, தீவின் அடையாளம் நீக்கப்பட்ட வார்த்தைகளில், ஜெர்மன் ஸ்டுடியோவில், கேட்டவர்களுக்காகப் பாடுகிறார். சங்கீதத்தில் இருக்கும் கேள்வி அப்படியே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நடந்திருக்கிறது. அதை ஃபேரியன் திட்டமிட்டிருக்க முடியாது. லிஸ் மிட்செலின் குரலில் அது இருந்தது.

மார்சியா பேரட் வேறு மாதிரி. லிஸ்ஸின் குரல் வெந்நீர் என்றால் இவருடையது அரம். 1977இல் வந்த ‘பெல்ஃபாஸ்ட்’ பாட்டில் அவர்தான் முதன்மைக் குரல். வட அயர்லாந்துச் சண்டையைப் பற்றி டிஸ்கோ பாட்டா என்று சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே கேட்டால், இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடும். அந்த அளவுக்கு முரட்டுத்தனமான நம்பிக்கையோடு பாடுகிறார். ஆனால் குழு வளர வளர முதன்மைப் பாட்டுகள் லிஸ்ஸிடமே போயின. மார்சியா அடுக்கில் இரண்டாவது அடுக்கானார்.

1986இல் குழு கலைந்தது. அதன்பிறகு நடந்ததுதான் இந்தத் தொழிலின் உண்மையான முகம். உலகத்தில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட போனி எம் குழுக்கள் சுற்றின. லிஸ் மிட்செலின் போனி எம், மெய்ஸி வில்லியம்ஸின் போனி எம், பாபி ஃபேரலின் போனி எம். லிஸ் 1988இல் தனி ஆல்பம் போட்டார். மார்சியா பலமுறை புற்றுநோயோடு போராடி மீண்டு, தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பாபி 2010 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நிகழ்ச்சிக்காகப் போன இடத்தில் இறந்தார். எல்லாருக்கும் சோறு போட்டது அந்த இரண்டு வார்த்தைப் பெயர்தான். லிஸ் மிட்செல் என்று மட்டும் போஸ்டர் ஒட்டினால் கூட்டம் வராது. ‘போனி எம்’ என்று மேலே போட வேண்டும். குரலின் சொந்தக்காரி தன் குரலுக்கு அடையாளமாக, வேறொருவர் வைத்த பெயரைக் காட்ட வேண்டியிருந்தது.

மெய்ஸி? அவர் பல பத்தாண்டுகள் மேடையேறினார். குழு இருந்த காலத்திலேயே நேரடிக் கச்சேரிகளில் அவரும் மைக் பிடித்துப் பாடியவர்தான். ஒலிப்பதிவில்தான் அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. நான் ‘பொம்மை’ என்று எழுதியபோது, இடம் கொடுக்காதவரை விட்டுவிட்டு இடம் கிடைக்காதவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்.

3

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ‘ஒருத்தர் பாட, இன்னொருத்தர் வாயசைப்பது மோசடி’ என்று எழுதியவன் யார்? தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவன். நமக்கு எழுபது எண்பது வருஷமாக அதுதான் கலை. ‘மூன்றாம் பிறை’யில் சில்க் ஸ்மிதா ஆடும்போது எஸ். ஜானகி பாடுகிறார். யாரும் ஸ்மிதாவைப் பொம்மை என்று சொல்லவில்லை, ஜானகியை ஒளிந்திருப்பவர் என்றும் சொல்லவில்லை. ஸ்மிதாவின் கண்ணும் ஜானகியின் மூச்சும் சேர்ந்துதான் அந்தப் பெண். நாம் அதை ஏற்றுக்கொண்டு ரசித்தோம்.

ஏன் அங்கே மோசடியாகப்பட்டது இங்கே கலையாகிறது? என் பதில் எளிமையானது. இங்கே பெயர் சொன்னார்கள். இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், இசை, பாடியவர் மூன்றும் சொல்வார்கள். இசைத்தட்டில் பெயர் இருக்கும். ஜானகியின் குரல் யாருடைய உடலுக்குப் போனாலும் பெயர் ஜானகியிடமே இருந்தது.

ஆனால் நாம் நம்மை ரொம்பவும் மெச்சிக்கொள்ள வேண்டாம். அதே அறிவிப்பின் கடைசி வார்த்தை ஞாபகம் இருக்கிறதா? ‘மற்றும் குழுவினர்’. அந்தக் ‘குழுவினர்’ யார்? எல்.ஆர். ஈஸ்வரியே அந்தக் குழுவினரில் ஒருவராகத்தான் 50களில் சினிமாவுக்குள் வந்தார். அவர் வெளியே வந்துவிட்டார். உள்ளேயே இருந்துவிட்டவர்களின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை.

மேற்கில் இந்தப் பிரிவினை எவ்வளவு கொடூரமாகப் போக முடியும் என்பதற்கு மார்தா வாஷ் ஒருவர் போதும். டிஸ்கோ காலத்தில் சில்வெஸ்டருக்குப் பின்னால் நின்று பாடியவர். பிறகு ‘வெதர் கேர்ள்ஸ்’ இரட்டையரில் ஒருவராக 1982இல் ‘இட்ஸ் ரெயினிங் மென்’ பாடினார். பருத்த உடம்புக்காரர். 1990 வாக்கில் பிளாக் பாக்ஸ், சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்று இரண்டு குழுக்களின் பெரிய வெற்றிப் பாட்டுகளில் அவர் குரல்தான். வீடியோவில் வாயசைத்தவர்களோ ஒல்லியான மாடல் பெண்கள். அவர் பெயரைப் போடவில்லை. மார்தா வாஷ் வழக்குப் போட்டார். பணமும் பெயரும் வாங்கினார். பாடியவர் பெயரைப் போட்டே தீர வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்காவில் வலுப்பட அவர் ஒரு காரணம்.

அதே 1990இல்தான் மில்லி வனில்லி விவகாரம் வெடித்தது. இரண்டு இளைஞர்கள் பாடாமலே பாடகர்களாக நடித்தார்கள் என்று கிராமி விருதைத் திரும்ப வாங்கினார்கள். அதன் தயாரிப்பாளர் யார் தெரியுமா? அதே ஃபிராங்க் ஃபேரியன். அவமானம் முழுக்க அந்த இரண்டு இளைஞர்கள் மேல் விழுந்தது. உருவாக்கியவர் அதன்பிறகும் தொழில் செய்தார். 2024 ஜனவரியில் இறந்தபோது பெரிய தயாரிப்பாளர் என்ற மரியாதையோடுதான் போனார். என் பழைய கட்டுரை செய்ததும் அதே வேலை. மேடையில் கண்ணுக்குத் தெரிந்த ஆளை அடித்தேன், மிக்ஸர் போர்டுக்குப் பின்னால் இருந்தவரை விட்டுவிட்டேன்.

4

டிஸ்கோ மேற்கில் பெரும்பாலும் பெண் குரலின் இசை. டோனா சம்மர், குளோரியா கேனர் என்று பெயர் சொன்னாலே குரல் கேட்கும். நம் நாட்டுக்கு வந்ததும் டிஸ்கோ ஆண் காலின் நடனமாக மாறியது. 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’ என்றால் மிதுன் சக்கரவர்த்தி. அதைத் தமிழில் ‘பாடும் வானம்பாடி’ ஆக்கியபோது ஆனந்த் பாபு. ஆனால் அந்த இந்திய டிஸ்கோவின் அடியில் ஒரு பெண் குரல் இருந்தது. அது தமிழ்க் குடும்பத்தில் பிறந்த குரல்.

உஷா உதூப் பம்பாயில் பிறந்தவர். பள்ளியில் பாட்டு வகுப்புக்கு இந்தக் குரல் சரிப்படாது என்று வெளியே அனுப்பப்பட்டதை அவரே பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். உஷா ஐயராக இருந்தபோது, 60களின் கடைசியில், மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு மேடையேறினார். பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் ‘டிரிங்காஸ்’. 80களில் பப்பி லஹிரியின் டிஸ்கோ. 1980இல் ‘ப்யாரா துஷ்மன்’ படத்தில் அவர் பாடிய ‘ஹரி ஓம் ஹரி’ மெட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இரப்ஷன் குழுவின் ‘ஒன் வே டிக்கெட்’. அந்தக் குழுவின் பாடகி பிரெஷியஸ் வில்சன், அவரும் ஜமைக்காவில் பிறந்தவர். தயாரிப்பாளர் மறுபடியும் ஃபிராங்க் ஃபேரியன்! ஒரே ஆளின் கடையிலிருந்து ஒரு ஜமைக்காப் பெண்ணின் பாட்டு கிளம்பி, கல்கத்தாவில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் தொண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த இரண்டு குரல்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிரெஷியஸ் வில்சன் மேலே மேலே ஏறுவார். உஷா ஏற மாட்டார். கீழேயே நின்று மிரட்டுவார். அந்தக் கீழ் ஸ்தாயிதான் விஷயம். லதா மங்கேஷ்கரும் பி. சுசீலாவும் கதாநாயகிக்கு நிர்ணயித்துவிட்ட சுருதி ஒன்று இருந்தது. உயரமான, மெல்லிய, வீட்டுக்குள் இருக்கிற சுருதி. தாழ்ந்த குரல் என்றால் கிளப், சிகரெட், வில்லி. எல்.ஆர். ஈஸ்வரியைத் தமிழ் சினிமா அங்கேதான் வைத்தது. உஷாவை இந்தி சினிமா அங்கேதான் வைத்தது. 80களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் உஷாவின் பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று தடுக்கப் பார்த்தபோது, அவர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். அந்தக் குரல் நாட்டின் பத்ம பூஷண் வாங்க 2024 ஆனது.

உஷா தப்பித்ததற்கு அவருடைய திறமையை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். அவரிடம் மேடை இருந்தது. சினிமா கூப்பிடாவிட்டாலும் சாயங்காலம் ஒரு கச்சேரி இருக்கும். அங்கே பாடுவதும் நிற்பதும் சிரிப்பதும் ஒரே ஆள். காஞ்சிபுரம் புடவை, தலை நிறைய பூ, பெரிய பொட்டு. ‘நான் உங்கள் வீட்டுப் பெண்தான், ஆனால் உங்கள் வீட்டுக்குள் இருந்து பாடப்போவதில்லை’ என்பதுதான் அந்த வேஷத்தின் அர்த்தம். குரலையும் உடலையும் பிரிக்க அவர் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

எல்.ஆர். ஈஸ்வரியின் வழி வேறு. எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில்கூட அவருக்கு ஒரு பாட்டு உண்டு, ‘ஆனந்த தாண்டவமோ’. ஆனால் 80களில் சினிமா அவரை ஏறக்குறைய மறந்தது. அவரோ அம்மனிடம் போய்விட்டார். லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற கிறிஸ்தவப் பெண் தமிழ்நாட்டின் எல்லா அம்மன் கோயிலுக்கும் குரலானார். இதைப் பலரும் ‘கிளப் டான்ஸிலிருந்து பக்திக்குத் திரும்பினார்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எங்கேயும் திரும்பவில்லை, குரலும் மாறவில்லை. கிளப்பில் ஆடுகிறவளுக்கும் ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கிற அம்மனுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் புருஷன் வீட்டுக்குள் அடங்காதவர்கள். கதாநாயகிக்கு ஒத்துவராத குரல் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவந்ததில் ஆச்சரியம் என்ன?

அம்மன் கோயில் வாசலில் காலையில் ஈஸ்வரியும் ராத்திரி போனி எம்மும் ஓடியது ஏன் எங்களுக்கு உறுத்தவில்லை என்பது இப்போது புரிகிறது. இரண்டும் வீட்டுக்கு வெளியே நிற்கிற பெண்களின் குரல்.

5

சின்னம்மா கதைக்கு வருகிறேன்.

அவர் பாடிய குழு அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர், நகரி என்று திருவிழாக்களுக்குப் போகும். கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, ரெண்டு ஆண் பாடகர்கள், ஒரு பெண் பாடகி. அறிவிப்பாளர் அவரை எப்போதும் ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துவார், ‘அரக்கோணத்து எல்.ஆர். ஈஸ்வரி’ என்று. உஷா பாட்டு பாடும் நாளில் ‘அரக்கோணத்து உஷா உதூப்’. சொந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை.

“ஒங்களுக்குக் கோவம் வரலையா?”

“வரும். ஆனா ஈஸ்வரின்னு சொன்னாத்தான்டா ஜனம் கை தட்டும். எம்பேரச் சொன்னா யாருன்னு கேப்பாங்க.”

லிஸ் மிட்செல் போஸ்டரில் ‘போனி எம்’ போட்ட கதைதான் இதுவும்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கூட்டம் கலையாமல் இருக்க ரெக்கார்டு டான்ஸ் உண்டு. நகரி பக்கத்துப் பெண் ஜிகினா உடுப்பில் முன்னால் ஆட, சின்னம்மா ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாடுவார். கூட்டத்துக்கு ஓரத்து நாற்காலி தெரியாது. விசில் எல்லாம் முன்னால் போகும். கல்லும் முன்னால்தான் போகும். “எம்மேல ஒரு கல்லு விழுந்ததில்ல. எல்லாம் அவ வாங்கினா” என்றார் சின்னம்மா. மேடை முடிந்ததும் வேனில் அந்தப் பெண் அவர் மடியில் படுத்துத் தூங்கும். தெலுங்கில்தான் பேசும். பாட்டின் தமிழ் வார்த்தைகளுக்குச் சின்னம்மா அர்த்தம் சொல்லித் தருவார். எந்த வரியில் எங்கே மூச்சு எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார். அந்த இடத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வாயசைப்பு பிசகாமல் இருக்க.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு விமர்சகனாக வெட்கமாக இருந்தது. வாயசைப்பு என்பது இன்னொருத்தியின் மூச்சை மனப்பாடம் செய்வது. அதை நான் எந்த ஆல்பத்தைப் பற்றி எழுதும்போதும் யோசித்ததில்லை. குரலை மட்டும் கலை என்றும் உடலை ஏமாற்று வேலை என்றும் நினைத்திருக்கிறேன். சம்பளம் கொடுத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இரண்டு பேரையும் ஒருத்தியாக எண்ணினால் அவருக்கு லாபம்.

கல்யாணம் ஆனதும் சின்னம்மாவுக்கு மேடை நின்றது. ‘கோயில்ல பாடு, மேடையில வேணாம்’ என்றார்களாம். ஆடிய பெண் என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தேடவும் வழியில்லை, பெயரே வேறு ஏதோ நடிகையின் பெயராக வைத்திருந்தார்கள்.

6

மணவூரிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி ஆலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. அங்கேதான் காரைக்கால் அம்மையார் கடைசியில் வந்து சேர்ந்தார் என்பது பெரிய புராணம். புருஷன் பயந்து விலகிப் போனதும், அவனுக்காகத் தாங்கிய இந்தச் சதை வேண்டாம் என்று கழற்றிவிட்டுப் பேய் உருவம் வாங்கிக்கொண்டவர். தலையால் நடந்து வந்து, ஆடுகிறவன் காலடியில் உட்கார்ந்து பாடினார். அவர் தலையால் நடந்த ஊரில் காலால் மிதிக்க ஞானசம்பந்தரே தயங்கினார் என்று கதை. செப்புச் சிலைகளில் அவர் கையில் தாளம் இருக்கும். எலும்பும் நரம்புமாக, வற்றிய முலையோடு, வாய் நிறையச் சிரிப்போடு தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தக் கட்டுரையை யோசிக்கத் தொடங்கியபோது, இதோ உடலை விட்ட குரல், நம் முதல் பின்னணிப் பாடகி என்று முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும். அம்மையார் உடலை அவரே கழற்றினார், யாரும் ஒப்பந்தம் போட்டுப் பிடுங்கவில்லை. மார்தா வாஷின் உடலை மறைத்தது வேறொருவர். என் சின்னம்மாவை ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்ததும் வேறொருவர். ‘குரல் உடலைக் கடந்தது’ என்ற ஆன்மிகப் பேச்சை இவர்கள் மேல் போர்த்தினால் லாபம் முதலாளிக்குத்தான். அம்மையாரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அவர் தன் ஒவ்வொரு பதிகத்தின் முடிவிலும் தன்னைக் காரைக்கால் பேய் என்று குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புருஷன் போனான், அழகு போனது, உடல் போனது. ஊரையும் பெயரையும் மட்டும் விடவில்லை. பாட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். எந்த அறிவிப்பாளரும் அதை மாற்றிச் சொல்ல முடியாது.

சின்னம்மா இப்போது செல்போனில் கரோக்கி ஆப் ஒன்றில் பாடுகிறார். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. குரல் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது, இன்னும் நன்றாக இருக்கிறது. யார் யாரோ சேர்ந்து பாடுகிறார்கள். போன ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போனபோது காட்டினார். புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் திருத்தணி மலை.

“மூஞ்சி போடலயா?”

“மூஞ்சி எதுக்கு? பேரு போட்டிருக்கேன் பாரு.”

பார்த்தேன். அப்பா இனிஷியலோடு முழுப் பெயர். கூடவே ஊர் பெயர்.

கட்டுரையில் அந்தப் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். பெயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பெயரில்லாமல் எழுதினால் நியாயமா? சின்னம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வேணான்டா. இது நீ எழுதறது. நான் பாடற எடத்துல நானே சொல்லிக்கறேன். நீ முதல்ல அந்தப் பொம்மைன்னு எழுதினதப் போயி மாத்து.”

மாத்திவிட்டேன். மெய்ஸி வில்லியம்ஸ், போனி எம் குழுவின் முதல் உறுப்பினர்களில் ஒருவர், மேடைக் கலைஞர்.